பலாலியில் இருந்து திருச்சி 184 கிலோமீற்றர்: நோர்வூட்டில் இருந்து எவ்வளவு?

"தம்பி, பலாலிக்கும் திருச்சிக்கும் எவ்வளவு தூரம்? எத்தனை மணித்தியாலம் போகும்?"

நோர்வூட் பஸ் தரிப்பிடத்துக்கு அருகில் உள்ள ஒரு தேநீர்க் கடையில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர், அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். 1977 கலவரத்துக்குப் பின்னர் அவருடைய குடும்பம் மலையகத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனது. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது அக்கா மன்னாரில் இருந்து படகேறி இந்தியாவுக்குப் போனார். இவர் நோர்வூட்டுக்கே திரும்பி வந்தார். அண்ணனின் குடும்பம் கிளிநொச்சியிலேயே தங்கிவிட்டது. அக்கா இன்று திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருக்கிறார். 35 ஆண்டுகளாக இருவரும் நேரில் பார்க்கவில்லை. அக்காவுக்கு இப்போது நடக்க முடியவில்லை.

"பலாலியிலேயே பிளேன் ஏறலாம்னு அண்ணன் மகன் சொல்றான். கட்டுநாயக்காவுல ஏறுறது லேசுன்னு இங்க சொல்றாங்க. எது கிட்ட?"

கையடக்கத் தொலைபேசியில் தட்டினால் பதில் வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் பதிலை வைத்து ஒரு பயணத்தைத் திட்டமிட முடியாது. வானத்தில் உள்ள தூரம் ஒன்று, தரையில் உள்ள தூரம் இன்னொன்று, பயணியின் கையில் உள்ள கடதாசிகளைப் பொறுத்த தூரம் மூன்றாவது. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வானத் தூரம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்று சொல்லப்படுவது, பூமியின் மேற்பரப்பில் அந்த இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம். வீதியோ கடலோ எல்லையோ இந்தக் கணக்கில் வராது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால், நம் பகுதியில் உள்ளதைப் போன்ற குறுகிய தூரங்களை ஒரு பாடசாலை மாணவரே கணக்கிட்டுவிடலாம்.

பலாலி வடக்கு 9.79 பாகை, கிழக்கு 80.07 பாகையில் இருக்கிறது. திருச்சி விமான நிலையம் வடக்கு 10.77, கிழக்கு 78.71. அட்சரேகையில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 110.6 கிலோமீற்றர். ஆகவே பலாலியில் இருந்து திருச்சி வடக்கே சுமார் 108 கிலோமீற்றரும் மேற்கே சுமார் 149 கிலோமீற்றரும் தள்ளி இருக்கிறது. செங்கோண முக்கோணத்தின் நீண்ட பக்கத்தைக் கணக்கிட்டால் 184 கிலோமீற்றர் வரும்.

இதே முறையில் கணக்கிட்ட மற்றத் தூரங்கள் (எல்லாம் அண்ணளவானவை):

பலாலி – திருச்சி: 184 கிலோமீற்றர்
பலாலி – கட்டுநாயக்க: 290 கிலோமீற்றர்
பலாலி – மட்டக்களப்பு: 290 கிலோமீற்றர்
பலாலி – இரத்மலானை: 330 கிலோமீற்றர்
பலாலி – சென்னை: 354 கிலோமீற்றர்
கட்டுநாயக்க – திருச்சி: 415 கிலோமீற்றர்
கட்டுநாயக்க – சென்னை: 645 கிலோமீற்றர்

யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பை விடத் திருச்சியே பக்கம் என்பது இந்தப் பட்டியலில் தெளிவாகத் தெரிகிறது. பலாலிக்குச் சென்னையும் இரத்மலானையும் ஏறத்தாழ ஒரே தூரத்தில்தான் இருக்கின்றன.

விமானத் துறையில் தூரத்தைக் கடல் மைலிலேயே சொல்வார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர். பலாலி – திருச்சி சுமார் 99 கடல் மைல்.

தூரம் குறைந்தாலும் நேரம் ஏன் குறைவதில்லை?

பலாலிக்கு வரும் இந்திய விமானங்கள் ஏ.டி.ஆர். 72 வகையைச் சேர்ந்தவை. இரண்டு காற்றாடிகள் கொண்ட இவற்றில் 70 முதல் 78 பேர் வரை பயணிக்கலாம். வானில் சீராகப் பறக்கும்போது இவற்றின் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீற்றர். அந்த வேகத்தில் 184 கிலோமீற்றரைக் கடக்க 22 நிமிடம் போதும். ஆனால் பலாலி – திருச்சி சேவைக்கு நேர அட்டவணை ஒதுக்குவது ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்.

அட்டவணையில் உள்ளது வானில் பறக்கும் நேரம் மட்டும் அல்ல என்பதே இதற்குக் காரணம். விமானம் தரிப்பிடத்தை விட்டு நகரும் கணத்தில் இருந்து, மறுமுனையில் தரிப்பிடத்தில் நிற்கும் கணம் வரை உள்ள முழு நேரமும் அதில் அடங்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, அனுமதிக்குக் காத்திருப்பது, மெதுவாக மேலேறுவது, காற்றின் திசைக்கு ஏற்பச் சுற்றி வந்து தரையிறங்குவது எல்லாம் சேர்ந்ததே அது. பயணம் 200 கிலோமீற்றரானாலும் 2,000 கிலோமீற்றரானாலும் இந்த வேலைகளுக்கு ஏறத்தாழ ஒரே நேரம்தான் பிடிக்கும். அதனால்தான் 184 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலமும், அதைப் போல் இரு மடங்கான 354 கிலோமீற்றருக்கு ஒன்றேகால் மணித்தியாலமும் ஆகின்றன. கட்டுநாயக்கவில் இருந்து திருச்சிக்கு ஜெட் விமானத்தில் போனாலும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான்.

நேர வித்தியாசத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. 2006 ஏப்ரலில் இருந்து இலங்கையும் இந்தியாவும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகின்றன. சீட்டில் உள்ள நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வெளிநாட்டுப் பயணம் என்பதால் புறப்படும் நேரத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக நிலையத்தில் இருப்பது நல்லது. ஆக, 22 நிமிடப் பறப்புக்குப் பயணி செலவிடும் நேரம் குறைந்தது நான்கரை, ஐந்து மணித்தியாலம்.

நோர்வூட்டில் இருந்து பார்த்தால்

நோர்வூட்டில் இருந்து திருச்சிக்கு வரைபடத்தில் ஒரு நேர்கோடு இழுத்தால் 480 கிலோமீற்றர் வரும். அந்தக் கோட்டில் பஸ்ஸும் இல்லை, விமானமும் இல்லை. இருப்பது இரண்டு வழிகள்.

முதல் வழி கட்டுநாயக்க. நோர்வூட்டில் இருந்து ஹட்டன், கினிகத்தேனை, அவிசாவளை ஊடாகச் சுமார் 150 கிலோமீற்றர். பஸ் மாறிப் போனால் ஆறு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளலாம். வாகனம் பிடித்தால் நேரம் குறையும். அங்கிருந்து வானில் 415 கிலோமீற்றர். மொத்தம் 565 கிலோமீற்றர்.

இரண்டாவது வழி பலாலி. நோர்வூட்டில் இருந்து ஹட்டனுக்கு 10, ஹட்டனில் இருந்து நாவலப்பிட்டி, கம்பளை ஊடாகக் கண்டிக்கு 70, கண்டியில் இருந்து ஏ9 வீதியில் யாழ்ப்பாணத்துக்கு 320, யாழ்ப்பாணத்தில் இருந்து பலாலிக்கு 17. தரையில் சுமார் 417 கிலோமீற்றர். அதோடு வானில் 184 சேர்த்தால் மொத்தம் 600 கிலோமீற்றர்.

கிலோமீற்றரில் இரண்டுக்கும் வித்தியாசம் 35 மட்டுமே. நேரத்தில் நிலைமை வேறு. நோர்வூட்டில் இருந்து பலாலிக்கு பஸ்ஸில் போக, காத்திருப்பு நேரமும் சேர்த்து 11 முதல் 12 மணித்தியாலம் பிடிக்கும். கட்டுநாயக்கவுக்குப் போகும் நேரத்தைப் போல் இரண்டு மடங்கு. மழைக்காலத்தில் மண்சரிவால் கினிகத்தேனைப் பக்கமோ கண்டிப் பக்கமோ வீதி மூடப்பட்டால் எந்தக் கணக்கும் நிற்காது. அப்படியான நாட்களில் ஒரு நாள் முன்னதாகவே புறப்பட்டுவிட வேண்டும்.

புகையிரதத்திலும் போகலாம். ஹட்டனில் இருந்து பொல்காவலைக்குச் சென்று, அங்கே வடக்குப் பாதையில் வரும் புகையிரதத்துக்கு மாற வேண்டும். யுத்தத்தில் அழிந்த வடக்குப் பாதை 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரையும் மீண்டும் திறக்கப்பட்டது. வயதானவர்களுக்குப் பஸ்ஸை விட இது வசதி. ஆனால் இரண்டு புகையிரதங்களின் நேரமும் பொருந்த வேண்டும்.

ஆகவே நோர்வூட், பொகவந்தலாவ, மஸ்கெலியா பகுதி மக்கள் பொதுவாகக் கட்டுநாயக்கவைத் தெரிவு செய்வதே சரி. கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவில் உறவுகள் உள்ளவர்களுக்குக் கணக்கு மாறும். பாதி வழியில் ஓர் இரவு உறவினர் வீட்டில் தங்கலாம் என்றால் பலாலி வழி களைப்புக் குறைந்தது. 1958, 1977, 1983 வன்முறைகளின் பின்னர் வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால், இது ஒரு சிலருக்கு மட்டுமான கணக்கு அல்ல.

எழுபது ஆண்டுக்கு முன் இருந்த வழி

பலாலியில் இருந்து இந்தியாவுக்கு விமானம் பறப்பது புதிய விடயம் அல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த ஓடுபாதை அது. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயர் சிலோனின் முதலாவது சேவை இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறை என்ற பெயரில் இயங்கிய இதே நிலையத்தில் இறங்கி, சென்னைக்குப் பறந்தது. நாடு சுதந்திரம் அடைவதற்கு முன்னரே இந்த வழி இருந்தது.

யுத்தம் அதை மூடியது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஓடுபாதையைச் சுற்றியிருந்த வீடுகளும் தோட்டக் காணிகளும் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. அந்தக் காணிகளில் ஒரு பகுதி இன்னும் உரிமையாளர்களுக்குத் திரும்பிக் கிடைக்கவில்லை. விமான நிலையத்தை விரிவாக்குவது பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தக் காணிச் சொந்தக்காரர்களின் கேள்வியும் கூடவே எழுகிறது.

தரைப்பாதை அடைபட்டிருந்த ஆண்டுகளில் பலாலி – இரத்மலானை விமானம்தான் பலருக்கு உயிர்வழியாக இருந்தது. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியில் இருந்து புறப்பட்ட லயன் எயர் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதில் இருந்த 55 பேரும் உயிரிழந்தார்கள். பயணிகளில் பெரும்பாலானோர் தமிழர்கள். விடுதலைப் புலிகளின் ஏவுகணையால் சுட்டு வீழ்த்தப்பட்டதாக விசாரணைகள் கூறின. விமானத்தின் சிதைவுகள் 2012இல்தான் இரணைதீவுக்கு அப்பால் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டன. பதினான்கு ஆண்டுகளாக அந்தக் குடும்பங்களுக்குப் பயணத்தின் முடிவு எந்த இடம் என்பதே தெரிந்திருக்கவில்லை.

ஏ9 வீதி 2002 ஏப்ரலில் திறந்தது, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது. யுத்தம் முடிந்து பத்து ஆண்டுகளின் பின்னர், 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 11இல் அலையன்ஸ் எயர் சென்னைச் சேவையைத் தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற சேவை, 2022 டிசெம்பர் 12இல் மீண்டும் வந்தது. இன்டிகோ நிறுவனம் 2024 செப்டெம்பர் 1இல் சென்னைச் சேவையையும், 2025 மார்ச் 30இல் திருச்சிச் சேவையையும் ஆரம்பித்தது. சேவை நாட்களும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும். சீட்டு எடுக்கும் முன்னர் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மலைக்கு மேலே போகும் விமானங்கள்

நோர்வூட் மக்களுக்கு விமானம் அந்நியமான ஒன்று அல்ல. பக்கத்தில் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் பயணிகளுக்காக நீர்விமானங்கள் இறங்கியிருக்கின்றன. 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட் மைதானத்தில் உரையாற்றினார். அந்தக் கூட்டத்துக்குப் போன தோட்ட மக்களில் பலர் விமானத்தில் ஏறிப் பார்த்ததே இல்லை.

தூரத்தைத் தவறாகக் கணித்தால் என்ன நடக்கும் என்பதையும் இந்த மலைகள் பார்த்திருக்கின்றன. 1974 டிசெம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவில் இருந்து ஹஜ் யாத்திரிகர்களுடன் வந்த மார்ட்டின் எயர் விமானம், நோட்டன் பிரிட்ஜுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கட்டுநாயக்கவில் இருந்து தாங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம் என விசாரணை முடிவு செய்தது. இலங்கை மண்ணில் நடந்த மிகப் பெரிய விமான விபத்து இன்றுவரை அதுதான்.

கடதாசித் தூரம்

இனி மூன்றாவது தூரம். கடைக்கார அம்மாவுக்கும் அவருடைய அக்காவுக்கும் இது ஒரே அளவு அல்ல.

தங்கை இலங்கைப் பிரஜை. கடவுச்சீட்டு எடுக்க அவர் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. கண்டியில் உள்ள குடிவரவு, குடியகல்வுத் திணைக்களக் கிளையில் விண்ணப்பிக்கலாம். வடக்கில் உள்ளவர்களுக்கு வவுனியாவில் கிளை உண்டு. பின்னர் இந்திய விசா. கடவுச்சீட்டிலும் அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். தோட்டப் பதிவேட்டில் ஒரு பெயர், பாடசாலையில் இன்னொரு பெயர் என்று இருப்பது மலையகத்தில் வழக்கம். பயணம் தள்ளிப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

அக்காவின் நிலை வேறு. படகில் போனவர் கையில் கடவுச்சீட்டு இருந்திருக்காது. இந்தியச் சட்டத்தின் பார்வையில் அவர் ஆவணமின்றி நுழைந்தவர். அங்கிருந்து வெளியேற இந்திய அதிகாரிகளின் அனுமதியும், சென்னையில் உள்ள இலங்கைப் பிரதி உயர்ஸ்தானிகராலயத்தின் பயண ஆவணமும் வேண்டும். 2015 ஜனவரி 9க்கு முன்னர் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு, ஆவணம் இன்றித் தங்கியிருப்பதற்கான தண்டனையில் இருந்து இந்திய அரசு 2025 செப்டெம்பரில் விலக்கு அளித்தது. அது ஓர் ஆறுதல். குடியுரிமை அதனால் கிடைத்துவிடாது.

இதில் மலையக வம்சாவளியினரின் கதை இரட்டைச் சிக்கல் கொண்டது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 150,000 பேரின் விதி 1974இல் தீர்மானிக்கப்பட்டது. மூதாதையர் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்தில் இருந்து வந்த ஒருவர் இலங்கையில் நாடற்றவராக இருந்து, பின்னர் யுத்தத்தால் அதே திருச்சிக்கு அகதியாகத் திரும்பி, அங்கும் நாடற்றவராக இருக்கிறார். கொட்டப்பட்டு உள்ளிட்ட முகாம்களில் வாழ்ந்த இத்தகைய 65 பேரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூன் 17இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது.

நாடு திரும்புவோருக்கும் வழி எளிதாக இருக்கவில்லை. 2025 மே மாதம், ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயத்தின் உதவியோடு பலாலியில் வந்திறங்கிய முதியவர் ஒருவர், முன்பு செல்லுபடியான ஆவணம் இன்றி நாட்டை விட்டு வெளியேறிய குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டார். யுத்தத்துக்குப் பயந்து ஓடியவரை இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னர் அந்தச் சட்டத்தின் கீழ் பிடிப்பதா என்ற கேள்வி எழுந்தது. திரும்பி வர நினைப்பவர்கள் தனியாகச் சீட்டு எடுத்துப் புறப்படாமல், சட்ட ஆலோசனையும் எழுத்து மூலமான உறுதியும் பெற்றுக்கொள்வது அவசியம்.

பதினாறு நாளும் ஒரு மணித்தியாலமும்

பெருந்தோட்டங்களுக்கு வந்த முதல் தலைமுறை, மன்னார்க் கரையில் இறங்கி காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தது. வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்ட நடைபவனி, ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. பதினாறு நாட்கள். பின்னாளில் புகையிரதமும் கப்பலும் வந்தன. ஒப்பந்தத்தால் அனுப்பப்பட்டவர்கள் ஹட்டனில் புகையிரதம் ஏறி, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். 1984இல் அந்தக் கப்பலும் நின்றது. இப்போது நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபரில் தொடங்கிய கப்பல் சேவை உண்டு. கடல் நிலையைப் பொறுத்து அது நின்று நின்று நடக்கிறது.

அந்த அம்மாவுடன் தேநீர்க் கடை மேசையில் ஒரு தாளில் இரண்டு வழிகளையும் எழுதிக் கூட்டிப் பார்த்தோம். தனியாகப் போவதென்றால் கட்டுநாயக்கதான் என்றேன். அவர் சிறிது நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிளிநொச்சி என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க ரெண்டு நாள் தங்கிட்டுப் போறேன் தம்பி. அண்ணன் வீட்டுலயும் பார்த்து நாலு வருசமாச்சு. அண்ணன் மகனே பலாலியில ஏத்தி விடுவான்."

கிளிநொச்சியில் இருந்து பலாலிக்கு 85 கிலோமீற்றர், இரண்டு மணித்தியாலம். பலாலியில் இருந்து திருச்சிக்கு ஒரு மணித்தியாலம். திருச்சி விமான நிலையத்தில் இறங்கினால் கொட்டப்பட்டு முகாம் அருகிலேயே இருக்கிறது. முகாமில் உள்ளவரைப் பார்க்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதை அக்காவின் பிள்ளைகளிடம் முன்கூட்டியே விசாரிக்கச் சொன்னேன். அடுத்த வாரம் கண்டிக்குப் போய்க் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கிறார். பிறப்புச் சான்றிதழில் பெயரின் கடைசி எழுத்து மாறியிருக்கிறது. அதை முதலில் திருத்த வேண்டும்.